தாகத்தில் நிற்க வேண்டிய மரம்

அம்சாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான். எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. இவள் ஒருத்தியிடம் பேசலாம், என் நாத்தனார்தானே, நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடை சட்டையில் நின்றுகொண்டு என் டிரங்குப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள்தானே. அம்சா, அந்தக் குடத்தைக் கொஞ்சம் இறக்கி வை. இல்லை, குடத்தில் ஆரம்பிக்கக் கூடாது, குடம் என்றாலே அவள் முகம் மாறிவிடுகிறது. அம்சா, உன் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகச் சொல்கிறேன். ஐயோ, அது அதைவிட மோசம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வயிற்றுப்பிள்ளையைப் பற்றி ஏதாவது வாயைத் திறந்தேன் என்று தெரிந்தால் அத்தை என்னைக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள். நேற்றே வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலா இருந்தேன், சமையல்கட்டில் சொன்னேன், மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அவள் சரி அண்ணி சரி அண்ணி என்று தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கப் போய்விட்டாள். இப்போது கீழே கேட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆடி கடைசி வெள்ளி. மஞ்சள் புடவையும் சிவப்புப் புடவையும்தான் இங்கிருந்து தெரிகிறது, ஆள் யார் யார் என்று தெரியவில்லை. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் ஏறுவார்கள். இட்லிக்கடை கன்னியம்மா முன்னால் வருவாள், மற்றவர்கள் பின்னால் வரிசை கட்டி வருவார்கள். அதுவரைக்கும் நான் இந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசிக்கலாம். யோசித்து யோசித்து என்னத்தைக் கண்டேன், ஆடி பிறந்ததிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மரத்தின் இடுப்பில் ஒரு மஞ்சள் புடவை சுற்றியிருக்கிறது. காற்றில் அதன் முந்தானை என் தோளில் பட்டுப் பட்டு விலகுகிறது. தள்ளிவிட்டால் மறுபடியும் வந்து படுகிறது, யாரோ பின்னால் நின்று கூப்பிடுகிறாற்போல இருக்கிறது.

இந்த மேட்டுக்குப் பெயரே மஞ்சள் மேடு. தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குக் குரோம் உப்பு செய்து கொடுத்த கம்பெனி ஒன்று இங்கே இருந்தது, அது மூடிப்போன பிறகு அதன் கழிவு முழுக்க இப்படி மலையாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மேட்டிலிருந்து மஞ்சளாக ஓடும். அது ஓடிப்போனால்கூடப் பரவாயில்லை, உள்ளே இறங்கியதுதான் கேடு, இறங்கி இறங்கிக் கீழே காலனிக் கிணறுகளில் போய் ஊறியது. அப்புறம் யாரோ கேஸ் போட்டு, யாரோ தீர்ப்புச் சொல்லி, மேட்டின் மேல் செம்மண் கொட்டிச் சரிவாக இழைத்து, நெருக்கமாக மரம் வைத்தார்கள். வேம்பு, புங்கன், சவுக்கு, ஓரத்தில் தைலமரம். பாட்டனி படித்துவிட்டு வீட்டில் பருப்பு கடைந்துகொண்டிருந்த எனக்கு இந்தத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மரம் என்ன செய்யும் என்று வந்த புதிதில் எல்லாரும் கேட்டார்கள், விஷத்தை உறிஞ்சிவிடுமா என்று. அதெல்லாம் இல்லை. மரம் மழைத்தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். செம்மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கழிவுக்கு எட்டுவதற்குள் வேர் அதைக் குடித்து இலை வழியாகக் காற்றில் விட்டுவிடும். மண் காய்ந்து கிடந்தால்தான் அடுத்த மழைக்கு அதில் இடம் இருக்கும். ஆகவே இந்த மரங்கள் எப்போதும் கொஞ்சம் தாகத்தோடுதான் நிற்க வேண்டும். கன்றாக இருந்தபோது ஊற்றியதோடு சரி, வேர் பிடித்த பிறகு ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றக்கூடாது, பாத்தி கட்டக்கூடாது, தண்ணீர் தேங்க ஒரு குழிகூட இருக்கக்கூடாது. இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வாடி நிற்கிற செடியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் போகிற பெண்பிள்ளை எங்கேயாவது உண்டா. முதல் கோடையில் இந்த வேம்பு இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றபோது என் பாட்டில் தண்ணீரைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன். ஊற்றவில்லை, நானே குடித்துவிட்டு இறங்கிப் போனேன். மரம் பிழைத்துக்கொண்டது. இரண்டு மூன்று மழைக்காலம் போன பிறகு கிணறுகளில் மஞ்சள் குறைந்தது, அப்புறம் இல்லாமலே போயிற்று. அடிவாரத்துச் சோதனைக் குழாயிலிருந்து பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பேன். வெறும் தண்ணீராக, கண்ணாடியாக நிற்கும். அப்போது வந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட வரவில்லை, மூர்த்தியிடமே இதைச் சொல்லியிருக்கிறேன், அவர் சிரித்தார்.

சும்மா இருந்திருக்கலாம் நான். மகளிர் குழுக் கூட்டத்தில் ரெண்டு வார்த்தை பேசுங்க ஹேமாவதி என்று கூப்பிட்டார்கள், நானும் போய்ப் பேசினேன். அக்கா, அந்த மரமெல்லாம் நமக்காகத்தான் குடிக்கிறது, அது குடிக்கவில்லை என்றால் நாம் குடிக்க வேண்டியிருக்கும் என்றேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள், ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன். போன வருஷம் வைகாசியில் நாலு நாள் விடாமல் மழை அடித்தது, அடித்து ஓய்ந்த பிறகு இந்த வேம்பின் கவட்டையில் பால் வடிய ஆரம்பித்தது. வேர் பக்கம் ஈரம் மிஞ்சிப்போனால் சில வேம்பில் இப்படி வடியும், ஒரு நோய் மாதிரிதான், கொஞ்ச நாளில் நின்றுவிடும். ஆடு ஓட்டிக்கொண்டு வேலி ஓரமாக வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலமே கன்னியம்மா கற்பூரத்தோடு வந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவள் கணக்கு நேரானது. நமக்காக விஷத்தைக் குடிக்கிற மரம், இப்போது பால் வேறு சுரக்கிறது, அப்படியானால் அது யார். வேம்பில் யார் இருப்பாள் என்று இந்த ஊரில் பச்சைப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். குடித்துக் குடித்து அவளுக்குத் தொண்டை எரியுமே, நல்ல தண்ணீராகக் கொஞ்சம் ஊற்ற வேண்டாமா. இப்படித்தான் ஆரம்பித்தது. தண்ணீர் சரிவில் வழிந்து வீணாகப் போகிறதே என்று யாரோ மண்வெட்டி கொண்டுவந்து மரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டினார்கள். நான் மூடினேன். அவர்கள் வெட்டினார்கள். மறுபடியும் மூடினேன், மறுபடியும் வெட்டினார்கள், ஒருவருக்கும் கோபம் இல்லை, ஏதோ நானும் அவர்களும் முறை வைத்துச் செய்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது. இப்போதும் பாத்தி என் காலடியில்தான் இருக்கிறது, நன்றாக ஆழமாக, விளிம்பில் மஞ்சள் தடவி. ஒரு குடம் ஊற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விடுகிறது. எங்கே போகிறது என்று எனக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன பண்ண, தண்ணீரைக் கீழே போகிற வழியில் நின்று மடக்க முடியுமா.

போன ஆடியிலேயே நின்றிருக்க வேண்டியது. பால் அப்போதே காய்ந்து கறுத்துப்போயிருந்தது, கூட்டமும் பத்துப் பேருக்குள்தான். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி அம்சா. ஆடிக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், கல்யாணமாகி ஒன்பது வருஷம், போகாத ஆஸ்பத்திரி இல்லை, ஆரணியில் அவள் மாமியார் வாயிலிருந்து வாங்காத பேச்சு இல்லை. ஊற்றிவிட்டுப் போகட்டும் என்று நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். ஒரு குடம் தண்ணீரில் என்ன ஆகிவிடப் போகிறது, அவள் மனசுக்கு ஆறுதலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மாசியில் போன் வந்தது. அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசமுடியாமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன், எனக்கும் தாங்கமுடியாத சந்தோஷம். அப்புறம் என்ன, அம்சாவின் வயிறே எல்லாருக்கும் அத்தாட்சி ஆகிவிட்டது. இந்த ஆடிக்கு எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ வருகிறார்கள். காலனிக் கிணற்றில்தான் சேந்துகிறார்கள், அதைத்தான் இங்கே கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், அது மேட்டுக்குள் இறங்கி மறுபடியும் அதே கிணற்றுக்குப் போகிறது. ஆடி மூன்றாம் வெள்ளி கழிந்து எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. லேசாகத்தான், பித்தளைக் குடத்தில் தெரியாது, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் தெரியும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்னியம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு மறந்திருக்காது, அந்தக் காலத்தில் கையெல்லாம் புண்ணாகி மாவில் கை வைக்கமுடியாமல் கடையைச் சாத்திவைத்தவள். இதைப் பார்த்தால் பயந்து நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அது வேற மஞ்சள், இது வேற மஞ்சள், ஹேமா. அப்போ வந்தது கம்பெனி மஞ்சள். இப்போ ஆத்தா மேல ஊத்தி எறங்கினு வருது பாரு, அவ பூசிக் குளிச்ச மஞ்சள்."

அன்றிலிருந்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற அம்சா காலையில் பல் தேய்த்ததும் பூஜை அறைச் சொம்பிலிருந்து ஒரு மிடறு கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறாள். தீர்த்தமாம். நான் குடிக்க வைத்திருக்கிற கேன் தண்ணீர் தீர்த்தத்துக்கு அப்புறம். சொம்பைக் கவிழ்த்துக் கேன் தண்ணீரை ஊற்றி வைத்துப் பார்த்தேன், ருசியில் கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா அதாலதான் வந்துதோ என்னவோ. இப்போ நிறுத்திட்டு ஏதாவது ஆயிடுச்சின்னா நான் யாரைக் கேக்கறது?" என்றாள். அவளுக்கு நம்பிக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது நம்பிக்கை இல்லை, பயம். பயத்தோடு எப்படிப் பேசுவது. எனக்கு மட்டும் பயம் இல்லையா. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன், அதில்தான் குளித்தேன், முதலில் உண்டானது ஐந்தாம் மாசத்தில் போய்விட்டது. தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, தண்ணீரால் இல்லை என்றும் சொல்லவில்லை. அப்புறம் ரம்யா பிறந்து, அவள் ஹாஸ்டலுக்கே போயாயிற்று, இன்னும் சில நாள் காலையில் அந்த மஞ்சள் வாளி கண் முன்னால் வருகிறது, அதில் மொண்டு மொண்டு குடித்த ஞாபகம் வருகிறது. ருசி ஒன்றும் வித்தியாசமாக இருக்காது, அதுதான் கொடுமை. அம்சா சொம்பைத் தூக்கும்போது அவள் தொண்டையைத்தான் பார்க்கிறேன். மிடறு இறங்குவது தெரிகிறது. பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தட்டிவிடக் கை வரவில்லை. ஆபீசில் சார் சுலபமாகச் சொல்லிவிட்டார், போலீஸ் வைத்துக் கேட்டைப் பூட்டிவிடலாம் மேடம் என்று. பூட்டினால் என்ன ஆகும், அம்மனைப் பூட்டிவிட்டார்கள் என்று பக்கத்து ஊரும் சேர்ந்து வரும், வேலி பிய்ந்துபோகும், ராத்திரியோடு ராத்திரியாக ஊற்றிவிட்டுப் போவார்கள். மரத்தை வெட்டிவிடலாமா என்று அடுத்து கேட்டார். வெட்டக்கூடாது சார் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த அம்மாவுக்கும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஏற ஆரம்பித்துவிட்டார்கள். பம்பைச் சத்தம் வேறு கேட்கிறது, இந்த வருஷம் பம்பைக்காரரையும் கூப்பிட்டுவிட்டார்கள். சரிவில் மெதுவாகத்தான் ஏறமுடியும், நிறைகுடம், காலில் செருப்பு இல்லை. முன்னால் கன்னியம்மா. அவளுக்குப் பின்னால் அம்சா, கன்னியம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாள். எட்டாம் மாசத்தில் இடுப்பில் குடம் வைக்க இடம் இல்லாமல் தோளில் வைத்திருக்கிறாள். வழுக்கினால் என்ன ஆகும். போன வாரம் தூறல் போட்டுச் சவுக்கு இலையெல்லாம் பாதையில் படிந்து கிடக்கிறது, கூட்டித் தள்ள வேண்டும் என்று நினைத்தேன், தள்ளினேனா, தள்ளவில்லை, அந்த வளைவில் அவள் கால் வைக்கிறாள், பார்த்து வைடி, பார்த்து. எழுந்து நிற்கிறேன். நின்றதும் நான் மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. அம்சா, உன் வயிற்றில் இருக்கிற, இல்லை, அக்கா எல்லாரும் ஒரு நிமிஷம், மரம் குடிப்பதற்கு ஒரு அளவு இருக்கிறது, அதற்கு மேல் ஊற்றினால். இதைத்தான் எத்தனை தடவை சொல்லியாயிற்று, மரம் குடிக்கிறது என்று நான் வாயைத் திறந்தாலே அவர்களுக்குக் குடத்தைத்தான் தூக்கத் தோன்றுகிறது. பம்பை கிட்டே வருகிறது. சத்தம் காதில் மோதி நெஞ்சில் இடிக்கிறது. மஞ்சள் முந்தானை முகத்தில் வந்து விழுகிறது, விலக்குகிறேன், வேப்பங்கொத்து ஒன்று கையோடு முறிந்து வருகிறது. கன்னியம்மா அம்சாவை முன்னால் தள்ளுகிறாள், முதல் குடம் அவளுடையதுதான், அவள் பாத்திக்குப் பக்கத்தில் வந்து தோளிலிருந்து குடத்தைச் சாய்க்கப் போகிறாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நில்லுங்கடி," என்று கத்திவிட்டேன். என் குரல் அது இல்லை, அடித்தொண்டையிலிருந்து வந்தது. என்னைவிட மூத்த ஒருத்தியையும் என் ஆயுசில் டி போட்டதில்லை, வேலைக்கு வருகிற பெண்ணைக்கூட வாங்கபோங்க என்றுதான் சொல்வேன், இந்த ஊருக்கே அது தெரியும். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உடம்பு நடுங்குகிறது, கோபத்தில்தான் நடுங்குகிறது, காலையில் ஒன்றும் சாப்பிடவும் இல்லை, கையில் வேப்பிலை ஆடுகிறது. மன்னிச்சுக்குங்கக்கா, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குள் கன்னியம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பிவிட்டாள். "வந்திருக்கிறது யாரு தாயி?" என்றாள்.

ஹேமாவதிதான் அக்கா, மூர்த்தி பெண்டாட்டி, வேறு யாரும் வரவில்லை. இதுதான் பதில், சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் என்னென்னவோ ஓடுகிறது. படித்தவள் என்கிற பெயர் இன்றோடு போய்விடும். மூர்த்தி என்ன நினைப்பார். சார் காதுக்குப் போகும். அடுத்த வெள்ளிக்கிழமை என் வாசலில் வந்து நிற்பார்கள், பிள்ளை வரம் கேட்பார்கள், காணாமல் போன நகையைக் கேட்பார்கள், நான் சொல்கிற ஒன்றையும் இனிமேல் நான் சொன்னதாக யாரும் கேட்கமாட்டார்கள். இவ்வளவு நாளும் நான் சொன்னதாக யார் கேட்டார்கள். அம்சா தோளில் குடத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கை வலிக்கும் அவளுக்கு. நான் பேசாமல் நின்றேன். நான் பொய் சொல்லவில்லை, பேசாமல் நின்றேன், அவ்வளவுதான், அதுவே போதுமாக இருந்தது. பம்பைக்காரர் தாளத்தை மாற்றிவிட்டார். "இன்னா கொறை தாயி, சொல்லு," என்றாள் கன்னியம்மா. "குடிச்சது போதும்," என்றேன். என்ன ஆச்சரியம், நான் இத்தனை நாள் சொன்னதும் இதேதான். "தொண்டை வரைக்கும் தண்ணியா இருக்குது. இனிமே இங்க ஒரு சொட்டு ஊத்தாதீங்க. குழியைத் தூத்துடுங்க." பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிணறு, கிணற்றைச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம், மூச்சு வாங்குகிறது. "கெணத்துல வர்றது என் மஞ்சள் இல்ல. அதை வாயில வெக்காதீங்க." கன்னியம்மாவின் முகம் சுருங்கியது, கண் நிறைந்துவிட்டது, அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அவளை வாயடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. அவள் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்போதுதான் உறைத்தது. சாமி வந்து நிற்கிறவள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் விடுவார்களா, குளிரவைக்க வேண்டாமா, இத்தனை குடமும் இப்போது என் தலையில் கவிழப்போகிறது, நான் நிற்பது பாத்தி விளிம்பில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன், அது அவர்களுக்கு இன்னும் தோதாகப் போயிற்று. வேப்பிலையை ஆட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினேன், ஓடுகிறாள் ஓடுகிறாள் என்று பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். நல்லவேளை, யாரோ அம்சாவின் தோளிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுக் கால்வாய் இருக்கிறது. மேட்டிலிருந்து வழிகிற மழைத்தண்ணீரை வெளியே கொண்டுபோக வெட்டியது, மண்ணுக்குள் ஒரு சொட்டு இறங்காது. அதன் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் குடம் தலையில் விழுந்தபோது மூச்சு நின்று வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன், இது கிணற்றுத் தண்ணீர்தானே. கண்ணில் எரிகிறது, புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது, குடம் குடமாக விழுகிறது, தண்ணீர் என் தொடையைத் தாண்டிக் கால்வாயில் ஓடுகிறது. ஓடட்டும், ஓடிப்போகட்டும். ஒருத்தி ஊற்றிவிட்டு என் காலைத் தொட்டாள், அவளுக்கு என் அம்மா வயது இருக்கும், கூசிப்போனேன். இவர்கள் நடுவில் தெய்வமென்று உட்கார்ந்திருக்க நான் யார். ஆனால் ஊற்றுகிற கைகள் மிருதுவாக இருந்தன, தலையில் தண்ணீர் நிற்காமல் கோதிவிட்டார்கள், காதில் போகாமல் கை கொடுத்து மறைத்தார்கள். மரத்துக்கும் இப்படித்தான் ஊற்றியிருப்பார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், தண்ணீரோடு தண்ணீராகத் தெரிந்திருக்காது. கடைசியில் அம்சா வந்தாள். அவளால் குனியமுடியவில்லை, கால்வாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்கால் போட்டு உட்கார்ந்தாள், யாரோ கீழே கொண்டுவந்து கொடுத்த தன் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். என் முகத்தில் ஒட்டியிருந்த முடியை விலக்கிவிட்டு என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயசில் தினமும் தலை பின்னிவிட்டவளின் கண் அவளுக்குத் தெரியாதா. அண்ணி என்று கூப்பிடப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் இன்னும் கிட்டே வந்தாள், அவள் வயிறு என் தோளில் இடித்தது. "தாயே," என்றாள், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இவ்ளோ நாளா குடிச்சிட்டேனே. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" அண்ணி என்று கேட்டிருந்தால் தெரியலைடி அம்சா என்று சொல்லியிருப்பேன். யாருக்கும் தெரியாது, நாளைக்கே டாக்டரிடம் போவோம், எல்லாவற்றையும் சொல்லிக் கேட்போம் என்று சொல்லியிருப்பேன், அதுதான் உண்மை. அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் அவள் அண்ணியைக் கேட்கவில்லை. பம்பை நின்றிருந்தது. என் ஈரக்கையை எடுத்து அவள் வயிற்றில் வைத்தேன். உள்ளே அசைந்தது.

"ஒண்ணும் ஆவாது," என்றேன். "நான் பாத்துக்கறேன்."

அவள் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி என் தலையில் சாய்த்தாள்.